பழைய காரின் சன்ரூஃப் ஒழுகினால்: பீடிங் மட்டுமா, பிடிமானங்களும் சேர்த்தா, முழுக் கூரையுமா?

பத்து வயதைத் தாண்டிய காரில் சன்ரூஃப் ஒழுகத் தொடங்கியதும் பட்டறையில் பெரும்பாலும் இரண்டு யோசனைகள்தான் கிடைக்கும். "பீடிங் போய்விட்டது, மாற்றிவிடலாம்" என்பது ஒன்று; பீடிங் என்றால் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு. "எதற்கு வம்பு, சிலிக்கான் போட்டு அடைத்துவிடலாம்" என்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னும் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் காரின் மாடலும் கையில் உள்ள பணமும் மட்டும் முடிவு செய்யக் கூடாது. கூரையில் எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள், அதைத் தூக்கும் கைகள், ரெயிலில் ஓடும் பிளாஸ்டிக் துண்டுகள் ஆகிய பிடிமானங்களைச் சோதிக்காமல் பீடிங்கை மட்டும் வாங்குவது வீண் செலவு. கண்ணாடி தன் இடத்தில் சரியாக உட்காராவிட்டால் எவ்வளவு நல்ல ரப்பரும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது.

பொதுப்படையாகப் பேசாமல் ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். சென்னைக்குத் தெற்கே சிங்கப்பெருமாள் கோயில் அருகே பிஎம்டபிள்யூ தொழிற்சாலை 2007 மார்ச்சில் திறக்கப்பட்டது. அங்கே முதலில் கோக்கப்பட்ட கார்களில் ஒன்று, ஈ90 என்ற உள்பெயர் கொண்ட 3 சீரிஸ். அந்தத் தலைமுறைக் கார்கள் இன்று மூன்றாவது, நான்காவது கைகளுக்குப் போய்விட்டன. ஓட்டுவதற்கு இன்றும் அருமையான வண்டி. ஆனால் அதன் கூரைக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர், வருடம் தவறாமல் கத்திரி வெயிலில் வெந்து, ஐப்பசி மழையில் நனைந்து வந்திருக்கிறது. இந்தக் காரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். சன்ரூஃப் கொண்ட ஸ்கோடா லாரா, பழைய ஹோண்டா சிட்டி போன்றவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தண்ணீர் போகும் வழி

தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் நகரும் சன்ரூஃப்களில், பீடிங் மழையை முழுவதுமாகத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஓரளவு தண்ணீர் அதைத் தாண்டி வரும் என்று கணக்கிட்டே வடிவமைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன் நான்கு மூலைகளிலும் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குழாய்கள் இருக்கின்றன. முன்குழாய்கள் இரண்டும் முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களுக்குள் இறங்குகின்றன. பின்குழாய்கள் பின்தூண்கள் வழியாகக் காரின் பின்பகுதிக்குப் போய் வெளியேறுகின்றன. ஓட்டு வீட்டில் இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில் தகரம் வைத்துத் தண்ணீரை முற்றத்துக்கு இறக்குவார்களே, அதே ஏற்பாடுதான். ஓடு உடைந்தாலும் வீடு ஒழுகும். தகரத்தில் சருகு அடைத்தாலும் ஒழுகும். உள்ளே தெரியும் கறையை மட்டும் வைத்து எதனால் ஒழுகியது என்று சொல்ல முடியாது.

வேப்ப மரத்தடியிலும் புங்க மரத்தடியிலும் நிறுத்தப்படும் கார்களில் பூவும் பொடி இலையும் தூசியும் பழைய கிரீஸோடு கலந்து அந்தக் குழாய்களின் வாயில் இறுகிப்போகின்றன. லாராவில் முன்குழாய், கதவுக் கீல்களின் பக்கம் ஒரு ரப்பர் மூக்கில் முடிகிறது. அதன் சிறிய பிளவு அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலேறி, கூரையின் உட்புறத்தை மூடியிருக்கும் துணிப் பலகையான ரூஃப் லைனிங்கை நனைக்கும். ஈ90 காரில் பின்குழாய் அடைப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அந்தக் காரின் பேட்டரி டிக்கியில் இருக்கிறது, மின்னணுப் பெட்டிகள் சிலவும் அங்கேயே இருக்கின்றன. டிக்கியின் ஓரப் பள்ளத்தில் தேங்கும் இரண்டு லிட்டர் தண்ணீர் வைக்கும் செலவில் நான்கைந்து பீடிங் வாங்கிவிடலாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கார் வாங்கிய பிறகு கூரையை வெட்டிப் பொருத்திய, பின்விளிம்பு மட்டும் மேலே எழும் கண்ணாடிகள் அவை. 1980களிலும் 90களிலும் உலகெங்கும் இவை ஏராளமாக விற்றன. இவற்றில் பலவற்றுக்கு வாய்க்காலும் கிடையாது, குழாயும் கிடையாது. ரப்பர்தான் முதலும் கடைசியுமான தடுப்பு. கண்ணாடியிலேயே துளைகள் இருக்கும். முன்னால் கீல்கள், பின்னால் ஒரு கைப்பிடித் தாழ் என அத்தனையும் அந்தத் துளைகள் வழியாகத்தான் பூட்டப்பட்டிருக்கும். துளைகளில் உள்ள நைலான் வளையமும் ரப்பர் வாஷரும் சுருங்கிவிட்டால், சுற்றியுள்ள பீடிங் புத்தம் புதிதாக இருந்தாலும் சொட்டும். இந்த வகையில் பீடிங், வாஷர்கள், கீல் ஸ்க்ரூக்கள் மூன்றையும் ஒரே நாளில் மாற்றுவதைத் தவிர வேறு தேர்வே இல்லை. உலோகம் நேரடியாகக் கண்ணாடியைத் தொடும்படி மட்டும் இறுக்கிவிடக் கூடாது. சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து வலுவாக்கிய டெம்பர்டு கண்ணாடியின் துளை விளிம்பில் அழுத்தம் விழுந்தால் முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் பொடியாகும். அதே காரணத்தால் அதில் புதிதாகத் துளை போடவும் முடியாது.

எதையும் வாங்குவதற்கு முன்

கூரையைத் திறந்து, வாய்க்காலின் முன்மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கீழே ஒருவர் குனிந்து பார்க்கட்டும். தண்ணீர் தயங்காமல் தரையில் விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ வராமலே போனாலோ குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். நான்கு மூலைகளையும் இப்படிப் பார்க்க வேண்டும். காரைச் சற்றுச் சரிவில் நிறுத்தினால் பின்மூலைகளுக்குத் தண்ணீர் தானாக ஓடும்.

அடைப்பை எடுக்க இரும்புக் கம்பி வேண்டாம், குழாயைக் கிழித்துவிடும். புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் தடித்த நைலான் இழையின் நுனியை நெருப்பில் லேசாகக் காட்டி மழுங்கவைத்து உள்ளே விட்டால் போதும். டயர் கடையில் உள்ள காற்றுக்குழாயை வைத்து முழு அழுத்தத்தில் ஊதுவது இன்னும் மோசம். குழாய் தன் மூக்கிலிருந்து கழன்று தூணுக்குள்ளேயே விழுந்துவிட்டால் ரூஃப் லைனிங்கை இறக்காமல் அதை மாட்ட முடியாது.

அடுத்தது பீடிங். ஒரு பழைய பத்து ரூபாய்த் தாளைக் கண்ணாடிக்கும் கூரைக்கும் நடுவில் வைத்துக் கூரையை மூடிவிட்டு, தாளை இழுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு பிடிப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கம் இறுக்கமாகவும் எதிர்ப்பக்கம் வழுக்கிக்கொண்டும் வந்தால் குற்றம் ரப்பரில் இல்லை; கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் ஒரே மாதிரி தளர்ந்திருந்தால்தான் ரப்பர் தன் உயிரை இழந்துவிட்டது என்று சொல்லலாம். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தால் இன்னும் தெளியும். நல்ல ரப்பரில் நகக்குறி உடனே மறையும். செத்த ரப்பரில் அது அப்படியே நிற்கும், அல்லது மேற்பரப்பு பொடிப்பொடியாக வெடித்திருக்கும்.

மூன்றாவதாகப் பிடிமானம். கண்ணாடியைச் சாய்வாகத் தூக்கி நிறுத்தி, அதன் பின்மூலைகளை இரண்டு கைகளாலும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் டக் டக்கென்று ஆடினால் அந்தப் பக்கத்து ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அல்லது தூக்கும் கையின் முளையும் அது ஓடும் காடியும் தேய்ந்திருக்கும். மேடு பள்ளத்தில் போகும்போது தலைக்கு மேல் கேட்கும் சத்தத்துக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

கடைசியாக, கண்ணாடிக்கும் அதன் அடிச் சட்டத்துக்கும் இடையிலுள்ள பசையைப் பார்க்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. ஸ்க்ரூ எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அது பிடித்திருப்பது சட்டத்தைத்தான். கண்ணாடியைப் பிடித்திருப்பது பசை. 2001 முதல் 2011 வரையிலான மாடல் ஆண்டுகளைச் சேர்ந்த ஏறக்குறைய ஏழரை லட்சம் கார்களை மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் திரும்ப அழைத்தது இந்தப் பசைக்காகத்தான். வயதான பசை விட்டுப்போனால் ஓடும்போதே கண்ணாடி பறந்து பின்னால் வருபவர்மேல் விழக்கூடும். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மெல்லிய அட்டையின் நுனி நுழைகிறது என்றால் அந்தக் காரின் கூரையைத் திறக்காதீர்கள், நெடுஞ்சாலைக்கும் எடுத்துப் போகாதீர்கள். பீடிங் விவகாரமெல்லாம் அப்புறம்தான்.

பழைய பீடிங்கையே வைத்துக்கொள்வது

குழாய் அடைப்புதான் காரணம் என்று தெரிந்து, ரப்பரில் வெடிப்பும் இல்லை என்றால், இதுவே போதும். மென்மையான சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவைத்து, ரப்பருக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவலாம். பல சன்ரூஃப் பீடிங்குகள் ஈபிடிஎம் என்ற ரப்பரால் ஆனவை. வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும், ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிக் கெடும். அதனால் வாசலின், சக்கர பேரிங் கிரீஸ், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. சிலர் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். அன்றைக்குப் பளபளக்கும், ஒரு வாரத்தில் ஊரிலுள்ள தூசியெல்லாம் அதில்தான் ஒட்டியிருக்கும். மேலே பூனைமயிர்போல் மெல்லிய பஞ்சுப் பூச்சு உள்ள பீடிங் என்றால் கிரீஸே வேண்டாம், துடைத்தால் போதும்.

இந்த வழியின் வரம்பையும் சொல்லிவிட வேண்டும். ரப்பர் பல ஆண்டுகள் அழுத்தப்பட்டு நிரந்தரமாகத் தட்டையாகிவிட்டால் எந்தக் கிரீஸும் அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவராது. மூலைகளில் சுருங்கி இணைப்பு வாய் பிளந்திருந்தாலும் அப்படித்தான்.

புதிய பீடிங்: எங்கே வாங்குவது

3 சீரிஸ் போன்ற கார்களில் பீடிங்கைக் கண்ணாடியிலிருந்து உருவித் தனியாக மாற்றலாம். வேறு சில கார்களில் அது கண்ணாடியோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும், தனியாக விற்கமாட்டார்கள். கடைக்குப் போகும் முன் சேசிஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிஎம்டபிள்யூவுக்கு அதன் கடைசி ஏழு எழுத்துகள் போதும், உங்கள் காருக்குரிய பாகம் எது என்று பட்டியலில் தெரிந்துவிடும்.

கம்பெனி பீடிங், வெளிச்சந்தையில் அதே வடிவத்தில் வார்த்த பீடிங், மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் பொதுப் பீடிங் என்று மூன்று ரகங்கள் கிடைக்கின்றன. சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் டெல்லியில் காஷ்மீரி கேட்டிலும் கடைசி இரண்டு ரகங்களையும் தாராளமாகக் காணலாம். விலையில் மூன்றுக்கும் பெரிய இடைவெளி உண்டு.

மீட்டர் ரகத்தைச் சன்ரூஃபுக்கு வாங்கவே வேண்டாம் என்பேன். கதவுக்கும் டிக்கிக்கும் அது ஒத்துவரும், ஏனென்றால் அங்கே கதவு முழு பலத்தோடு வந்து ரப்பரை நசுக்குகிறது. சன்ரூஃபில் அப்படி இல்லை. கண்ணாடி மேலெழுந்து வந்து, பக்கவாட்டில் உரசியபடி தன் இடத்தில் அமர்கிறது. பீடிங்கின் உதடு ஒரு மில்லிமீட்டர் பருமனாக இருந்தாலும் மோட்டார் திணறும். தடை இருக்கிறது என்று நினைத்துக் கண்ணாடி பாதியிலேயே திரும்பிப் போகும். மெலிந்திருந்தாலோ காற்று விசிலடிக்கும். மூலை வளைவுகளில் நேர்ப் பீடிங்கை வளைத்து மாட்டினால் உள்பக்கம் மடிப்பு விழும், தண்ணீர் அந்த மடிப்பைத் தேடி வரும்.

வடிவத்தில் வார்த்த வெளிச்சந்தைப் பீடிங் என்றால், வாங்கும் முன் பழையதன் ஒரு துண்டை அறுத்து எடுத்துக்கொண்டு போய் வெட்டுமுகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே உள்ள காற்றறை, கண்ணாடியைக் கவ்வும் காடியின் ஆழம், உதட்டின் சாய்வு மூன்றும் ஒத்திருந்தால் வாங்கலாம். கடையில் உள்ளவர் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காரை வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு நான் கம்பெனி பீடிங்கையே சொல்வேன். அதன் கூடுதல் விலை, கண்ணாடியை ஒருமுறை கழற்றி மாட்டி அளவு சரிசெய்யும் கூலியோடு ஒப்பிட்டால் பெரிதாகத் தெரியாது. மட்டமான ரப்பருக்காக அந்தக் கூலியை இரண்டாம் முறை கொடுப்பதுதான் உண்மையான நஷ்டம்.

பீடிங்கோடு பிடிமானங்களையும்

என் பரிந்துரை பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும். கண்ணாடியைக் கழற்றியாகிவிட்டது, வேலையில் பாதி முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் ஸ்க்ரூக்களையும் ரெயிலில் ஓடும் பிளாஸ்டிக் துண்டுகளையும் மாற்றாமல் மூடுவது எனக்குப் புரியாத சிக்கனம்.

ஈ90 காரில் கண்ணாடியைப் பிடித்திருப்பவை நட்சத்திரத் தலை கொண்ட சிறிய டார்க்ஸ் ஸ்க்ரூக்கள். பட்டறைகளில் ஸ்டார் ஸ்க்ரூ என்பார்கள். சரியான பிட் இல்லாமல் ஆலன் கீயை வைத்துத் திருகினால் தலை வட்டமாகிவிடும். அதற்குப் பிறகு அதைக் கூரைக்குள் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். புதிய ஸ்க்ரூக்களின் மரையில் கழன்றுவிடாதிருக்க ஒரு வண்ணப் பூச்சு இருக்கும். பழைய ஸ்க்ரூவையே திரும்ப மாட்டுவதானால் நடுத்தர வலிமை கொண்ட நீல நிற மரைப்பசை ஒரு துளி விட வேண்டும். சிவப்புப் பசை கூடாது, அடுத்த முறை கழற்றவே முடியாது. இவற்றின் விலை ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது என்ற நிலையில் பழையதை ஏன் மாட்ட வேண்டும்?

பிளாஸ்டிக் துண்டுகள் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. பல கம்பெனிகள் அவற்றைத் தனியாகத் தருவதில்லை. முழு ரெயிலோடுதான் தருவார்கள். வெளிச்சந்தையில் அதற்கெனப் பழுதுநீக்கத் தொகுப்புகள் கிடைக்கின்றன. தூக்கும் கை உலோகத்தில் வார்த்தது, ஆனால் மெல்லியது. தேய்ந்த பிளாஸ்டிக்கோடு ஓடி ஓடி ஒருநாள் அது முறியும், கண்ணாடி பாதித் திறப்பில் நின்றுவிடும். அது மழை நாளில்தான் நடக்கும் என்றில்லை, ஆனால் மழை நாளில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கண்ணாடியை நகர்த்த இரண்டு பக்கமும் ஓடும் கேபிள்கள் மோட்டாரின் பல்சக்கரத்தில் ஒரே பல்லில் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஒரு பக்கம் ஒரு பல் தாண்டிவிட்டால் கண்ணாடி கோணலாக மூடும். கோணலாக மூடும் கண்ணாடிக்குப் புதுப் பீடிங் போட்டால் ஒரு மூலை நசுங்கிக் கிழியும், எதிர்மூலை திறந்தே கிடக்கும். பீடிங் மாற்றியும் ஒழுகுகிறது என்று வரும் கார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கண்ணாடியையே மாற்றுவது

பசை விட்டிருந்தாலும், விளிம்பில் தெறிப்பு இருந்தாலும், பீடிங் கண்ணாடியோடு வார்க்கப்பட்டிருந்தாலும் இதுதான் வழி. செலவு அதிகம், ஆனால் வேலை குறைவு. பசையை மட்டும் புதுப்பிக்கலாம் என்று முன்கண்ணாடி ஒட்டும் கடைகளில் சொல்வார்கள். பாலியூரித்தேன் பசையை முறையாகப் பயன்படுத்தத் தெரிந்தவர் என்றால் அது நடக்கும். ஆனால் தலைக்கு மேல் இருக்கும் பொருள் என்பதால் நான் புதுக் கண்ணாடிப் பக்கமே சாய்வேன்.

புதுப்பேட்டையில் முழுக் கூரை

உடைந்த கார்களின் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையிலோ டெல்லி மாயாபுரியிலோ ரெயில், மோட்டார், கண்ணாடி எல்லாம் சேர்ந்த முழுச் சட்டத்தை, புதியதன் விலையில் சிறு பகுதிக்கு வாங்க முடியும். ரெயில் வளைந்திருந்தால், தூக்கும் கை முறிந்திருந்தால், தனியாகப் பாகம் கிடைக்காவிட்டால் இது நல்ல வழிதான். ஆனால் வாங்கும்போது ஒரு பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உலோகமும் கண்ணாடியும் பழையதாக வாங்கலாம். ரப்பரும் பிளாஸ்டிக்கும் பழையதாக வாங்கக் கூடாது. அந்தக் காரும் உங்கள் காரின் வயதுதான், அதே வெயிலில்தான் நின்றது. அங்கே வாங்கும் பீடிங் உங்களுடையதைவிட நன்றாக இருக்க எந்தக் காரணமும் இல்லை. கூரை மோதி நசுங்கிய காரின் சட்டமா என்பதையும் கேட்க வேண்டும். தரையில் சமமாக வைத்து நான்கு மூலைகளும் படிகின்றனவா என்று பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

கூலியைத்தான் பலரும் குறைத்து எண்ணிவிடுகிறார்கள். முழுச் சட்டத்தையும் மாற்ற ரூஃப் லைனிங் இறங்க வேண்டும். பதினைந்து வயது லைனிங்கின் துணி, பின்னால் உள்ள ஸ்பாஞ்ச் பொடிந்து ஏற்கெனவே தொங்கக் காத்திருக்கும். கழற்றினால் துணி மாற்றும் செலவும் சேரும். கூரையின் இருபுற ஓரங்களிலும் மோதலின்போது பக்கக் கண்ணாடிகளை மறைத்துத் திரைபோல் விரியும் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருப்பதால், பேட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் காத்திருந்த பிறகே அங்கே கை வைக்க வேண்டும். இதைச் சொல்லாமலே வேலையைத் தொடங்கும் பட்டறையில் காரை விடாதீர்கள். வயதாகித் தேய்ந்த பாகங்களுக்கு வழக்கமான வாகனக் காப்பீடு பணம் தராது என்பதால் இந்தச் செலவு முழுவதும் நம் கையிலிருந்துதான்.

சிலிக்கான் போட்டு அடைப்பது

இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. குளியலறைக்கு வாங்கிய சிலிக்கான் டியூபைப் பிதுக்கி, நல்ல காரின் கூரையைச் சுற்றி வெள்ளைக் கரை கட்டிவிடுகிறார்கள். புளித்த வாடை வரும் சாதாரணச் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. பெயிண்ட் கீறிய இடத்தில் அது பட்டால் தகரம் துருப்பிடிக்கும். சிலிக்கான் ஒருமுறை பட்ட பரப்பில் பிறகு பெயிண்டும் சரியாக ஒட்டாது, கண்ணாடிப் பசையும் ஒட்டாது. அடுத்து அந்தக் காரை வாங்குபவர் கூரையைச் சரிசெய்ய நினைத்தாலும் முதலில் டிங்கரிடமும் பெயிண்டரிடமும்தான் போக வேண்டும். போதாக்குறைக்கு, கீழே உள்ள குழாய்கள் அடைத்தே கிடக்கின்றன. சிலிக்கானில் மயிரிழை விரிசல் விழுந்ததும் உள்ளே போகும் தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை.

ஆனாலும் சில நேரங்களில் அடைத்து வைக்கத்தான் வேண்டியிருக்கும். பாகம் வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும், வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்ற நிலைமையில் வேறு என்ன செய்வது? சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள்தான் கொட்டுகிறது. அப்போது சன்ரூஃபின் ஃபியூஸை எடுத்துவிட்டு, யாரும் தவறிப்போய்த் திறக்காதபடி செய்து, பெயிண்டுக்குக் கெடுதல் செய்யாத அகலமான தெளிவு டேப்பைக் கண்ணாடியின் முன்விளிம்பிலும் இருபக்கங்களிலும் ஒட்டலாம். பிசுபிசுப்பான ரப்பர் நாடாவான பியூட்டைல் டேப்பும் நல்லது. அது காய்ந்து இறுகாது, பிறகு உரித்தெடுக்கலாம். இரண்டும் தற்காலிகம்தான். குழாய்களைச் சுத்தம் செய்த பிறகே ஒட்ட வேண்டும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

எந்தப் பீடிங்கை வாங்கினாலும் மாட்டும் விதத்தில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. பெட்டியில் மடங்கி வந்த பீடிங்கை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் போட்டு வைத்தால் மடிப்பு விடும். இணைப்பு வாயை முன்விளிம்பில் வைக்காமல் பின்விளிம்பின் நடுவில் வையுங்கள். மழையும் காற்றும் முன்விளிம்பைத்தான் முதலில் தாக்குகின்றன. இணைப்பு வாயிலிருந்து இரண்டு பக்கமும் கையால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். இழுத்து மாட்டக் கூடாது. இழுத்த ரப்பர் சில வாரங்களில் தன் நீளத்துக்குச் சுருங்கி இணைப்பில் இடைவெளி விடும். கொஞ்சம் மிஞ்சுவதுபோல் தெரிந்தால் வெட்டிவிடாமல் நெருக்கித் தள்ளி உட்காரவையுங்கள். காடியில் பசை எதுவும் தேவையில்லை.

கண்ணாடியைக் கழற்றும் முன்பே அதன் பழைய இருப்பிடத்தைப் பென்சிலால் குறித்திருந்தால் திரும்ப மாட்டுவது எளிது. ஆனால் அந்தக் குறியை மட்டும் நம்பிவிட முடியாது, பழைய ரப்பர் தட்டையாகிப்போன உயரத்தில் எடுத்த குறி அது. பிஎம்டபிள்யூவில் முன்விளிம்பு கூரைக்குச் சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் தாழ்வாகவோ இருக்க வேண்டும். பின்விளிம்பு சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் உயர்வாகவோ இருக்க வேண்டும். காற்று முன்னிருந்து பின்னால் போவதால் இந்தச் சிறு படிதான் சத்தமில்லாமல் அதை வழுக்கிப் போகவிடுகிறது. ஸ்டீல் ஸ்கேலைக் கண்ணாடிக்கும் கூரைக்கும் குறுக்கே வைத்து, நான்கு மூலைகளிலும் பார்த்து, ஸ்க்ரூக்களைப் பாதி இறுக்கிய நிலையில் விரலால் தள்ளித் தள்ளிச் சரிசெய்ய வேண்டும். பொறுமை தேவைப்படும் இடம் இது ஒன்றுதான். அவசரப்படும் மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பயனில்லை. பழைய ஜப்பானியக் கார்கள் சிலவற்றில் உயரத்தைக் கூட்டக் கண்ணாடிக்கும் தாங்கிக்கும் இடையில் மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்கள். கழற்றும்போது எந்தத் தகடு எந்த மூலையில் இருந்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியைக் கழற்றியிருந்தால் மோட்டாருக்குத் தன் எல்லை மறந்திருக்கலாம். கண்ணாடியைத் தூக்கும் திசையில் சுவிட்சை அழுத்தியபடியே வைத்திருந்தால் சிறிது நேரத்தில் அது தானாக முழுதும் திறந்து மூடித் தன் அளவைக் கற்றுக்கொள்ளும். அதுவரை விரலை எடுக்கக் கூடாது. பிறகு ஒருநாள் முழுக்கக் கூரையை மூடியே வைத்து ரப்பர் படியவிடுங்கள். இரண்டு வாரம் ஓட்டிய பிறகு பத்து ரூபாய்த் தாள் சோதனையை இன்னொரு முறை செய்து, ஸ்க்ரூக்கள் ஏதேனும் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். இந்த வேலையைச் செப்டம்பருக்குள் முடித்துவிட்டால் மழைக்கு முன் திருத்தவும் நேரம் இருக்கும்.